மோக்கா வளர்ந்து முடியட்டும்

எனக்கு நாய் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பிறகு ஒருவரும் என்னை நாய்ப்பிரியை என்று நினைத்து, ஒரு குட்டியைக் கொண்டுவந்து வாசலில் கட்டிவிட்டுப் போகக்கூடாது. மயிர் கொட்டும், மணக்கும், மனிசர் கண்ணயரும் நேரம் பார்த்துக் குலைக்கும். ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று நிற்கிறது. வின்ரர் வந்தால் அதுகளுக்குச் சப்பாத்தும் போட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அடுத்த வீட்டு யூஜினியைப்பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய நாயைப்பற்றிச் சொல்லாமல் முடியாது. எத்தனையோ வருஷம் பக்கத்தில் இருந்தும் அவள் எப்பேர்ப்பட்ட மனிசி என்பது அந்த நாயால்தான் எனக்குத் தெரியவந்தது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன்.

யூஜினி யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிப் பிள்ளை, வேதக்காரி. நான் சைவம். பாலன் பிறப்புக்கு அவள் வீட்டுக் கேக் எனக்கு வரும், தைப்பொங்கலுக்கு என் வீட்டுப் புக்கை அவளுக்குப் போகும். அவளுக்கு நாற்பத்தேழு வயது. கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஓர் அறையில் இருந்தவர்கள், பிறகு இங்கே வந்து வீடு வாங்கினார்கள். மகள் நிரோஷினி கலியாணம் முடித்துத் தனியாக இருக்கிறாள். மகன் றிச்சர்ட் இளையவன். புருஷன் அருள்நாயகம், எனக்கு அருளண்ணை, பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் வேலை. யூஜினியும் நானும் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறோம், ஒரே யார்ட்டில்.

பஸ்ஸை எடுக்கமுதல் அதைச் சுற்றிவந்து பார்க்கவேண்டும் என்பது சட்டம். சில்லு, லைற், கண்ணாடி, பின்பக்க அவசரக் கதவு எல்லாம் பார்க்கவேண்டும். குளிர் முகத்தில் அறைகிற காலையில் எங்களில் பாதிப்பேர் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏறிவிடுவோம். யூஜினி குனிந்து அடியில் பார்ப்பாள். கையுறையைக் கழற்றிவிட்டுச் சில்லு நட்டைத் தொட்டுப் பார்ப்பாள். பிள்ளைகளை இறக்கியபிறகு கடைசி சீற் மட்டும் நடந்துபோய் ஒவ்வொரு சீற்றுக்குக் கீழேயும் எட்டிப் பார்ப்பாள். ஒருமுறை அப்படிப் பார்த்ததால்தான் நித்திரையாய்ப் போன ஒரு சின்னப் பெட்டை அகப்பட்டது. இல்லாவிட்டால் அது அந்தக் குளிரில் யார்ட்டிலே கிடந்திருக்கும். யூஜினி அதைப்பற்றி ஒருவரிடமும் பெருமையடிக்கவில்லை. பிள்ளையின் தாய் யார்ட்டுக்கு வந்து அழுதபிறகுதான் எங்களுக்கே தெரியும்.

இன்னொரு குணமும் அவளுக்கு உண்டு. கேட்பாள். எங்கள் சனத்துக்கு டொக்டர் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற பழக்கம். ஓம் ஓம் என்று ஆட்டிவிட்டு, வெளியே வந்து காரில் ஏறியபிறகுதான் 'உவர் என்ன சொன்னவர்' என்று ஒருவரை ஒருவர் கேட்போம். யூஜினி அப்படியில்லை. அரைகுறை இங்கிலீசோ முக்கால்குறையோ, விளங்கும்வரைக்கும் கதிரையை விட்டு எழும்ப மாட்டாள். ஃபாதரைக்கூடப் பிரசங்கம் முடிந்தபிறகு வாசலில் மறித்து வைத்துக் கேட்பாள். கேட்டால் வாயிலிருந்து முத்தா கொட்டுண்டு போகும் என்பது அவளுடைய கதை.

இனி நாய்க்கு வருகிறேன். றிச்சர்ட் போன வருஷக் கோடையில் எங்கோ வடக்கே ஒரு பண்ணையிலிருந்து பெட்டைக்குட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். தாய் ஜேர்மன் ஷெப்பேர்ட், தகப்பன் யாரென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். கோப்பி நிறம், ஆகவே பெயர் மோக்கா. கொஞ்சநாளில் அவனுக்கு ஒட்டாவாவில் வேலை கிடைத்தது, அங்கே எடுத்த அப்பார்ட்மென்றில் நாய்க்கு இடமில்லை. கனடாவில் பிள்ளைகள் நாய் வாங்குவார்கள், தாய்மார் வளர்ப்பார்கள். இது எழுதாத சட்டம். யூஜினி ஒரு வார்த்தை பேசாமல் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பாதங்களைப் பார்த்த அருளண்ணை, பெடியன் கரடிக்குட்டியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்றார்.

ஊசி போடக் கிளினிக்குக்குப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் நடுவில் எங்களுக்குக் கிடைக்கும் வெறும் நேரத்தை நான் இப்படித்தான் நாசமாக்குவது. முன்மேசைப் பிள்ளை கொம்பியூட்டரைப் பார்த்தபடி, ஆறு மாதத்தில் கருப்பையை எடுத்துவிடலாம், இப்போதே நாள் போட்டுவிடவா என்று கேட்டது. வேறு ஆளென்றால் போட்டிருக்கும். யூஜினி, ஏன் ஆறு என்று கேட்டாள். எல்லா நாய்க்கும் ஆறுதான் என்றது அந்தப் பிள்ளை. எல்லா நாயும் ஒரே சைஸோ என்று யூஜினி கேட்டாள். அந்தப் பிள்ளை அப்போதுதான் தலை நிமிர்ந்து மோக்காவைப் பார்த்தது. டொக்டரோடு கதைக்க விடுகிறேன் என்று உள்ளே போனது.

டொக்டர் தமிழ்ப் பிள்ளை, பெயர் ஜெசிகா. இங்கே பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப் பிள்ளை மிருக டொக்டருக்குப் படித்ததா என்று நான் மூக்கில் விரல் வைத்தேன். எங்கள் ஆட்களுக்கு மனித டொக்டரைத் தவிர மற்றதெல்லாம் பாதிப் படிப்பு. ஆனால் அவள் நிலத்திலே சப்பாணி கட்டி மோக்காவுக்கு எதிரே இருந்து, யூஜினி கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னாள்.

அவள் சொன்னது எனக்கே விளங்கியது, ஆகவே உங்களுக்கும் விளங்கும். சின்ன இன நாய்க்கு ஐந்தாறு மாதத்தில், முதல் முறை தீட்டு வருவதற்கு முன்பே எடுத்துவிடலாம், பிற்காலத்தில் மார்பில் கட்டி வரும் பயம் மிகக் குறையும். பெரிய நாயின் கதை வேறு. எலும்பு வளர்ந்து முடிந்து நிற்பதற்கு கருப்பையோடு சேர்த்து எடுக்கிற சூலகத்தின் சுரப்பு வேண்டும். முந்தி எடுத்தால் கால் எலும்பு அளவுக்கு மேல் நீளும், பிறகு இடுப்பும் முழங்காலும் வருத்தம் கொடுக்கலாம், சிலதுக்கு மூத்திரம் அடக்க முடியாமலும் போகும். பொறுத்திருந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. கட்டியின் பயம் கொஞ்சம் கூடும், வருஷக்கணக்கில் விட்டால் கருப்பையில் சீழ் பிடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தீட்டு வரும் நாட்களில் ஒரு ஆண்நாய் கிட்ட வந்தால் போதும். மோக்காவின் அளவுக்கு ஒரு வயது தாண்டி, ஒன்றரை வயதுக்குள் செய்வது நல்லது என்பது அவளுடைய எண்ணம்.

"ரெண்டு பக்கமும் நட்டம் இருக்கு அன்ரி, ஒனஸ்ட்டாச் சொல்லுறன்," என்றாள் ஜெசிகா. "உங்களால வடிவாக் காவல் காக்க ஏலுமெண்டால் பொறுங்கோ. ஏலாதெண்டால் இப்பவே செய்யிறது சேஃப்."

யூஜினி கொஞ்சநேரம் நாயின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, முதல் தீட்டு வரும்போது மோக்கா வளர்ந்து முடிந்திருப்பாளா என்று கேட்டாள்.

"இல்லை அன்ரி. குட்டி போட ஏலும் எண்டு உடம்பு சொல்லும். ஆனா எலும்பு இன்னும் பிள்ளை எலும்புதான்."

திரும்பி வரும்போது யூஜினிதான் கார் ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றபோது, நான் பொறுக்கப்போறன் ராஜியக்கா, காவல் காக்கிறது எனக்குப் புது வேலையோ என்றாள். என் முழுப்பெயர் இராஜேஸ்வரி, அவளுக்கு நான் ராஜியக்கா.

எனக்கென்றால் இது வேண்டாத வேலையாகப் பட்டது. ஆறு மாதத்தில் வெட்டிக் கிட்டி அலுவலை முடிக்கிறதை விட்டுவிட்டு, ஓடுகிற பாம்பைப் பிடித்து மடியில் கட்டுவதா என்று நன்றாகவே ஏசினேன். கோவிலில் அவளோடு செபமாலை சொல்லும் ஒரு மனிசி, கர்த்தர் கொடுத்த கருப்பையை வெட்டுவதே பாவம் என்றாள். ஆளாளுக்கு ஒரு கதை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. யூஜினி எல்லாருக்கும் தலையை ஆட்டாமல், ஜெசிகா சொன்னதை ஒருக்கால் திருப்பிச் சொல்லிவிட்டுத் தன் அலுவலைப் பார்த்தாள்.

உண்மையான தடை வீட்டுக்குள் இருந்தது. அருளண்ணை தங்கமான மனிசன், நான் பொய் சொல்லமாட்டேன். குடியில்லை, கைநீட்டில்லை, எங்கள் வீட்டு வாசல் ஸ்னோவையும் சேர்த்துத் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். ஆனால் அவரிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடந்தது. பெட்டைநாய் என்றால் முதலில் ஒரு ஈற்றுக் குட்டி போடவேண்டும், போடாத நாய்க்கு வருத்தம் பிடிக்கும், அதன் பிறகு என்ன ஒப்பரேஷனும் செய்யலாம். அடுத்த ஊசிக்குப் போன அன்று அவரே இதை ஜெசிகாவிடம் கேட்டபோது, அதில் ஒரு உண்மையும் இல்லை அங்கிள் என்று சிரித்தாள். அருளண்ணையும் சிரித்தார். நம்பிக்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

நம்பிக்கையோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவரோடு வேலை செய்யும் அன்புராசா என்பவரிடம் ரைகர் என்று ஒரு கடுவன் நாய் இருந்தது, மாட்டுக்கன்று அளவில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டுபேரும் இருந்து, மோக்காவுக்கும் ரைகருக்கும் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். குட்டி இன்னும் வயிற்றிலும் இல்லை, இவர் அதற்குள் யார் யாருக்கு எந்தக் குட்டி என்று வாக்கும் கொடுத்துவிட்டார். அருளண்ணையின் வாக்கு லேசானதில்லை. தலைபோனாலும் மாறமாட்டார். கொடுக்கமுதல் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கமாட்டார் என்பதுதான் குறை.

யூஜினிக்கு இது அரசல்புரசலாகத் தெரியும். வேண்டாம் என்று அவரிடம் சொன்னாள். அவர் பேசாமல் இருந்தார். எங்கள் வீடுகளில் பாதிப் பிரச்சினை இங்கேதான் முளைக்கிறது. பேசாமல் இருந்தால் மனிசர் சம்மதித்துவிட்டார் என்று பெண் நினைப்பாள். பேசாமல் இருந்தால் கதை முடிந்தது, இனித் தன் எண்ணப்படி செய்யலாம் என்று ஆண் நினைப்பான். இரண்டுபேரும் நிம்மதியாகச் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

மோக்காவுக்கு ஒன்பது மாதமானபோது, ஸ்னோ இன்னும் முழங்காலளவில் கிடக்கும் நாளில், குசினி ரைல்ஸில் சிவப்பாக ஒரு துளி கிடந்தது. யூஜினி அதைத் துடைத்துவிட்டு, றிச்சர்ட்டின் பழைய உள்காற்சட்டை ஒன்றை எடுத்து, வாலுக்கு ஓட்டை வெட்டி நாய்க்குப் போட்டுவிட்டாள். ஏறக்குறைய மூன்று கிழமைக்கு அதுதான் மோக்காவின் உடுப்பு. அருளண்ணைக்கு அந்தப் பக்கம் திரும்பவே வெட்கம். பேஸ்மென்றில் போய் ரிவி பார்த்தார். வந்தவர்களிடம் நாய்க்கு வயிற்றுக்குள் சரியில்லை என்றார். யூஜினிக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. தெருவில் ஆண்நாய் வைத்திருக்கும் வீடு ஒன்றையும் விடாமல் கதவைத் தட்டி, என்ரை நாய்க்குத் தீட்டு, உங்கடை நாயைப் பிடிச்சு வையுங்கோ என்று தன் இங்கிலீசில் சொல்லிவிட்டு வந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது. அந்த வெள்ளைக்காரக் கிழவர்களோ, சொன்னதற்கு நன்றி என்று கைகுலுக்கினார்கள்.

காவல் என்றால் அதுதான் காவல். பின்வளவுக்கு மோக்கா ஒன்றுக்கு இருக்கப் போனாலும் யூஜினி கயிற்றைப் பிடித்தபடி கூடவே போவாள், மற்றக் கையில் ஸ்னோ தள்ளும் ஷவல். வேலிக்கு வெளியே எங்கிருந்தோ வந்த ஒரு கடுவன் மூச்சிரைத்துக்கொண்டு நின்றது. ஷவலால் வேலியில் ஒரு தட்டுத் தட்டினாள், அது போன வழி தெரியவில்லை. காலை ஓட்டம் முடிந்ததும் நாங்கள் எல்லாரும் கோப்பிக்குப் போவோம், அவள் வீட்டுக்கு ஓடுவாள். ஒருநாள் அவளுடைய பஸ் பிந்தியபோது, நாய் ஆகாத நான் போய் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்னோவில் நின்றேன். என் தலைவிதி.

நான் பகிடிக்கு, சாமத்திய வீட்டுக்கு ஹோல் புக் பண்ணியாச்சோ, ஹெலிகொப்டரிலே கொண்டுவந்து இறக்குவமோ என்று கேட்டேன். ரொறன்ரோவில் பெட்டைகள் பெரியபிள்ளையானதும் எங்கள் சனம் செய்கிற கூத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பகிடி விளங்கும். யூஜினியும் வயிறு நோகச் சிரித்தாள். சாமத்திய வீடு வைச்சால் பிறகு சம்பந்தம் கேட்டு வந்திடுவாங்கள் அக்கா என்றாள்.

வந்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்த கொஞ்சநேரத்தில், நான் அவர்கள் குசினியில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். யூஜினி அடுப்பில் மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அருளண்ணை வழக்கத்துக்கு மாறாக அலுமாரியிலிருந்து நல்ல கோப்பைகளை எடுத்து மேசையில் அடுக்கினார். ஆர் வருகினம் என்று யூஜினி கேட்டாள், அவர் சீனிப் போத்தலைத் தேடினார். அதற்குள் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. யன்னலால் பார்த்தால் அன்புராசா இறங்குகிறார், பின்கதவைத் திறக்கிறார், ரைகர் குதித்து இறங்குகிறது. மோக்கா பூட்டிய அறைக்குள் இருந்து அனுங்கத் தொடங்கியது.

யூஜினி அகப்பையைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். நான் எழும்பிப் போயிருக்கவேண்டும், முறை அதுதான். ஆனால் வாசலில் அந்த மாட்டுக்கன்று நின்றது, எப்படிப் போவது.

"வாக்குக் குடுத்திட்டன் யூஜி," என்றார் அருளண்ணை, மேசையைப் பார்த்தபடி. "இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறான். அவளுக்கு வயசும் வந்திட்டுதுதானே. இனி என்ன."

யூஜினி கையை நீட்டி அடுப்பை நிறுத்தினாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். நானென்றால் அந்தச் சட்டியைத் தூக்கியிருப்பேன். அவள் குரல் எழும்பவே இல்லை.

"எனக்கும் வயசு வந்திட்டுது எண்டுதான் சொன்னவை," என்றாள். "பதினேழு வயசு. இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்து இருக்க ஒரு கூரை இல்லை. குமர்ப்பிள்ளையை வைச்சிருக்கப் பயம், கட்டிக் குடுத்தால் இயக்கம் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போகாது எண்டு அம்மாவும் அப்பாவும் கதைச்சவை. ஃபாதரோட கதைச்சவை. உங்களைக் கூப்பிட்டு வைச்சுக் கதைச்சவை. எல்லாரும் எல்லாரிட்டையும் கேட்டவை. என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

அருளண்ணை தலை நிமிர்த்தினார்.

"நான் உங்களைக் குறை சொல்லேல்லை. காலம் அப்பிடி. ஆனா கலியாணத்துக்குத் தைச்ச சட்டை ரெண்டு வருஷத்தில எனக்குக் கட்டையாப் போச்சு. உங்களுக்குத் தெரியுமோ அது? நிரோவைப் பெத்தபிறகும் நான் வளர்ந்தனான்."

அறைக்குள் நாய் கதவைப் பிறாண்டியது. யூஜினி அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"உந்த நாய்க்கு எலும்பு இன்னும் முற்றேல்லை. வளர்ந்து முடியாத ஒண்டை இந்த வீட்டில இனி ஒருத்தரும் பிள்ளை பெற வைக்க நான் விடமாட்டன். உங்கடை வாக்குப் போனாலும் போகட்டும்."

நான் பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்தேன். அவளுடைய வயதும் எங்களுக்குத் தெரியும், நிரோவின் வயதும் தெரியும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் தலைமுறைப் பெண்களில் எத்தனைபேர் அந்தக் கணக்கில் வருவார்கள் என்று நினைத்தேன், அழுகை வந்தது.

அழைப்புமணி அடித்தது. அருளண்ணை ஜக்கெற்றும் போடாமல், வீட்டுச் செருப்போடு அப்படியே வெளியே போனார். நான் சும்மா இருப்பேனா, யன்னலைக் கொஞ்சம் திறந்தேன்.

"அன்பு, குறை நினைக்காதை," என்றார். "நாயைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போ. எங்கடை பிள்ளை இன்னும் வளர்ந்து முடியேல்லை."

அன்புராசா முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு, வாக்குக் குடுத்தனீங்களெல்லோ அண்ணை, நான் நம்பித்தானே மினக்கெட்டு வந்தனான் என்று முகம் கறுத்தார். குடுத்திருக்கக் கூடாது, அது என்ரை பிழை என்றார் அருளண்ணை. செருப்புக் கால் ஸ்னோவில் புதைய நின்று இதைச் சொன்னார். வாக்கு மாறாத மனிசன் வாக்கு மாறி நான் கண்டது அன்றைக்குத்தான். சும்மா சொல்லக்கூடாது, அவர்மேல் எனக்கிருந்த மரியாதை அன்றைக்குக் குறையவில்லை, கூடியது. அன்புராசா தேத்தண்ணி குடிக்காமல் வானைத் திருப்பிக்கொண்டு போனார். அதன்பிறகு வேலையிடத்தில் கனநாள் இவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தத் தீட்டு ஓய்ந்தது. ஆனால் உடனே வெட்டக்கூடாது, கருப்பைக்குக் கூடின இரத்த ஓட்டம் குறையவேண்டும், எலும்பும் முடியவேண்டும் என்று ஜெசிகா சொல்லியிருந்தாள். ஆகவே பொறுத்தார்கள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள், அது யூஜினிக்கென்றே சொன்னதுபோல. ஸ்னோ உருகியது, புல் முளைத்தது, மோக்கா நெடுத்துக்கொண்டே போனாள். யூஜினி அவளை ஓடவிட்டுப் பின்னால் நின்று நடையைப் பார்ப்பாள், இடுப்பு ஆடுகிறதா, கால் இழுக்கிறதா என்று. படியில் குதிக்க விடமாட்டாள். கொழுக்க விட்டால் மூட்டுக்குக் கூடாது என்று சாப்பாட்டை அளந்து வைத்தாள். நான் இரக்கப்பட்டு எறிந்த இறைச்சித் துண்டைக்கூட அவள் எடுத்துவிட்டாள். எனக்கு இரக்கம் வந்தது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அருளண்ணையிலும் ஒரு மாற்றம் வந்திருந்தது. வேலையால் வந்ததும் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார். வழியில் ஆராவது, என்ன அண்ணை, குட்டி எப்ப என்று கேட்டால், குட்டியில்லை, வாக்கை வாபஸ் வாங்கிட்டன் என்று நின்று சொல்லுவார். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தீர்த்தார். வீட்டிலோ யூஜினியோடு அந்த ஞாயிற்றுக்கிழமையைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஆனால் அவர் அடிக்கடி அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன். அவள் உடுப்புக் காயப்போடுவாள், இவர் வாயைத் திறப்பார், பிறகு நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார்.

ஓகஸ்ட் கடைசியில், பள்ளிக்கூடம் தொடங்கி எங்களுக்கு ஓட்டம் வருவதற்கு முன்னால், ஜெசிகா எக்ஸ்றே எடுத்துப் பார்த்தாள். எலும்பு மூடிவிட்டது, வளர்ச்சி முடிந்தது, அடுத்த தீட்டு வரமுதல் செய்துவிடலாம் என்றாள். மோக்காவுக்கு அப்போது பதினைந்து மாதம். ஒப்பரேஷன் அன்று அருளண்ணை லீவு போட்டார். அந்த மனிசன் காய்ச்சலுக்கே லீவு போடாதவர். மோக்காவைக் கயிற்றில் பிடித்து அவர்தான் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து யூஜினிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் மற்றப் பக்கம் இருந்தேன்.

எதிரே ஒரு பூனை கூட்டுக்குள் இருந்து என்னை முறைத்தது, நானும் விடாமல் முறைத்தேன். அப்போது அருளண்ணை தொண்டையைச் செருமினார்.

"யூஜி, நிரோவைப் பெறேக்க நீ பயந்தனியோ?"

யூஜினி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓம். நல்லாப் பயந்தனான்."

"எனக்கு அப்ப தெரியேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை," என்றாள். கோபமில்லை, நேரம் என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

"இப்ப கேக்கிறன்," என்றார்.

நான் எழும்பி, நாய்ச்சாப்பாடு அடுக்கியிருந்த தட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். முதுகுப்பக்கம் யூஜினியின் குரல் தொடங்கியது, மெல்லமாக, இடைக்கிடை நின்று, பிறகு நிற்காமல். என்ன சொன்னாள் என்று நான் காது கொடுக்கவில்லை. எந்தக் கதைக்கும் காது கொடுக்கிற நான் அதற்குக் கொடுக்கவில்லை. அது எனக்குச் சொன்ன கதையில்லை.

கதவு திறந்தது. ஜெசிகா பச்சை உடுப்போடு வந்து, முகம் முழுக்கச் சிரிப்போடு அவர்களை நோக்கி நடந்தாள். மோக்கா நல்லபடி தேறிவிட்டாள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். கொஞ்சம் பொறு பிள்ளை என்றேன். யூஜினி இன்னும் சொல்லி முடிக்கவில்லை.